உக்காந்தசாமிக்கு ஒரு வாய்

எல்லாருடைய பையும் சௌந்தரத்தின் மடியில் இருந்தது. சம்பந்தியம்மாவின் கைப்பை, மருமகள் சிந்துஜாவின் தோள்பை, பேத்தியின் தண்ணீர்ப் பாட்டில், போதாததற்குச் சம்பந்தி மனோகரன் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன கறுப்புக் கண்ணாடி வேறு. நீங்க மேல வரலையா என்று ஒப்புக்குக் கேட்டார்கள், முட்டி வலி என்று அவளும் ஒப்புக்குச் சொன்னாள். உண்மையில் முட்டி மட்டும்தான் வலிக்கவில்லை. தோள் வலித்தது, இடுப்பு வலித்தது, இடது கை மணிக்கட்டு, படுக்கையில் கிடக்கிற புருஷனைப் புரட்டிப் படுக்க வைக்கிற கை, அது தனியாக ஒரு வலி. கோட்டை வாசல் புளியமரத்தடியில் உட்கார்ந்து வெறும் பையைப் பார்த்துக்கொள்வதுகூட ஒரு சுகமாகத்தான் இருந்தது, இந்தப் பைகளுக்கு ஒன்றும் வேண்டியதில்லை, புரட்டிப் போடவேண்டாம், துடைக்கவேண்டாம், ஊட்டவேண்டாம். ஊட்டவேண்டாம் என்று நினைத்ததும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள், யாரோ கேட்டுவிட்ட மாதிரி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, விரதம், அதனால்தான் தலை கிறுகிறுக்கிறது, வேறொன்றும் இல்லை. அவளுடைய சொந்தப் பை மடியில் இல்லை, காலோடு அணைத்து வைத்திருந்தாள், அதற்குள் ஒரு எவர்சில்வர் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல், விடிவதற்கு முன்னால் எழுந்து ருசி பார்க்காமல் இறக்கியது. அது யாருக்கும் தெரியாது. நாலு வருஷமா அந்த ரூமுக்குள்ளயே கெடக்க, ஒரு நாள் வெளிய வாம்மா என்று மகன் கதிரேசன் கூப்பிட்டபோது அவள் மறுபேச்சில்லாமல் சரி என்றதில் அவனுக்கே ஆச்சரியம். சென்னையிலிருந்து வந்திருக்கும் மாமனார் மாமியாருக்குச் சுற்றிக்காட்ட அவன் போட்ட திட்டத்தில் முதலில் கோட்டை, அப்புறம் கண்மாய், அப்புறம் சமணர் மலை, சாப்பாட்டுக்குப் பிறகு அருவி. அவள் வந்தது அந்த மலைக்காக. கதிரேசன் வாயில் அது சமணர் மலை, அவள் வாயில் அது குலசாமியின் பேரில் உக்காந்தசாமி மலை.

இந்நேரம் பஞ்சவர்ணம் அவருக்கு உடம்பு துடைத்து முடித்திருப்பாள். பஞ்சவர்ணம் அவருடைய தங்கை, அண்ணன் என்றால் உயிர், ஆனால் கைப்பழக்கம் இல்லாதவள், அதனால் காலையில் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தாள். முதுகுக்குப் பவுடர் போடு, சாய்ப்புக்கு ரெண்டு தலையணை வை, கஞ்சியை வடிகட்டு, கட்டி கிடந்தால் புரையேறும், அவசரப்படாதே. கடைசியாக ஒன்று சொன்னாள், வாசலில் வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான், குரலைத் தாழ்த்திச் சொன்னாள், அதுதான் காலையிலிருந்து உறுத்துகிறது. வாயத் தெறக்கலேன்னா மூக்கப் பிடி, தானாத் தெறப்பாக. பஞ்சவர்ணம் ஒரு மாதிரி பார்த்தாள், அவ்வளவுதான். மதினி இப்படியெல்லாம் செய்வாளா என்று பார்த்தாளா, இல்லை, பாவம் மதினிக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தாளா, அதைப் பிரித்துப் பார்க்க நேரமில்லாமல் வேனில் ஏறிவிட்டாள். பஞ்சவர்ணம் செய்வாளா? மத்தியானக் கஞ்சிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. செய்ய மாட்டாள். செய்தாலும் செய்வாள், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள்.

சௌந்தரம் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து பாறைக்கோட்டை ஊரில்தான் இருக்கிறாள், கோட்டைக்கு ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஊர்க்காரர்களுக்கு ஏது நேரம். வருகிற விருந்தாளிகளையெல்லாம் அவர்தான் கூட்டிக்கொண்டு போவார், அழகுமலை, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர், கம்பம் ஏறுகிற உடம்பு, கோட்டை அவருக்கு எம்மாத்திரம். அவர் சொல்கிற ராஜா கதை ஆளுக்கு ஆள் மாறும். வந்தவர் போலீஸ்காரர் என்றால் ராஜா இங்கே வைத்துத்தான் திருடனைப் பிடித்திருப்பார், வந்தவர் நகைக்கடைக்காரர் என்றால் புதையல் அந்தச் சுனைக்குள்தான் இருக்கும். கேட்டால், கல்லப் பாக்கவா வெயில்ல ஏறுறாக, கதைக்கித்தான சௌந்தரம் என்பார். சுற்றிக்காட்டி முடித்துக் கோட்டை வாசல் கடையில் எல்லாருக்கும் கொத்துப் பரோட்டா வாங்கிக் கொடுத்து, தான் மட்டும் தனியாக ஒரு தட்டு கூடுதலாகச் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்து மொச்சையும் கருவாடும் போட்ட குழம்பு இருந்தால் அதற்கும் உட்காருவார். அப்படிச் சாப்பிட்ட வாய். உப்பு ஒரு கல் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற வாய், அதற்காக எத்தனை சண்டை. பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபிறகும் அந்த வாய் கஞ்சிக்கு ஆவலாகத் திறந்துகொண்டுதான் இருந்தது. போன மாதம் ஒரு நாள் திறக்கவில்லை. மறுநாள் கொஞ்சம் திறந்தது. அப்புறம் உதட்டை இறுக்கிக்கொண்டார். பற்களுக்கும் உதட்டுக்கும் நடுவில் கஞ்சி நின்று வழிகிறது, துண்டு நனைகிறது, அவள் கெஞ்சுகிறாள், அதட்டுகிறாள், தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். மேலிருந்து குழந்தை ஆச்சி ஆச்சி என்று கூப்பிட்டது. சௌந்தரம் கையை அசைத்தாள், எந்தப் பக்கம் என்று தெரியாமலே.

கண்மாய்க்குப் போகிற வழியெல்லாம் வேனுக்குள் வேறு ஒரு போர். சிந்துஜா இட்லியைப் பிசைந்து வைத்துக்கொண்டு ஒரு வாய், ஒரே ஒரு வாய் என்கிறாள், குழந்தை மகிழினி வாயை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறது. சம்பந்தியம்மா பாட்டுப் பாடுகிறாள், மனோகரன் காக்காய் காட்டுகிறார், கதிரேசன் முன்சீட்டிலிருந்து திரும்பிக் குரங்கு மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறான். இத்தனை பேரும் சேர்ந்தும் ஒரு வாய் இறங்கவில்லை. கடைசியில் சிந்துஜா டப்பாவை மூடிவிட்டாள், வேண்டாம்னா விட்டுடணும், பசிச்சா தானா கேப்பா, டாக்டர் சொல்லியிருக்கார், வலுக்கட்டாயமா திணிச்சா சாப்பாட்டையே வெறுத்துடும் என்றாள், நல்ல பெண், கெட்டிக்காரப் பெண், எதையும் டாக்டரிடம் கேட்டுச் செய்கிறவள். எல்லாரும் சரி சரி என்றார்கள். சௌந்தரமும் சரி என்றாள். சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், கரையோரம் கருவேல மரங்களில் வெள்ளை வெள்ளையாக நாரை உட்கார்ந்திருந்தது, மரத்தில் யாரோ வேட்டி காயப்போட்ட மாதிரி. அதற்குள் மனோகரன் கண்டுகொண்டுவிட்டார், ஒரு தகவல் பலகை. அவருக்குப் பலகை என்றால் போதும். ரிட்டயர் ஆகும்வரை ஏதோ ஆபீசில் கோப்புகளைப் படித்துக்கொண்டிருந்தவர், இப்போது பலகைகளைப் படிக்கிறார், அதுவும் மனசுக்குள் படிக்கிற வழக்கம் இல்லை. எந்தப் பறவை எந்தத் தேசத்திலிருந்து எந்த மாதம் வருகிறது, எல்லாவற்றையும் ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தார். சௌந்தரத்தின் காதில் விழுந்தது பாதி. மணி என்ன ஆகிறது என்று கதிரேசனைக் கேட்டாள். பதினொன்றாகப் போகிறது என்றான்.

அவருடைய மூக்குக்கும் ஒரு டாக்டர்தான் வழி சொல்லியிருக்கிறார். நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்க, மூக்கு வழியா வயித்துக்கு ஒரு குழாய் போட்டுடலாம், அப்புறம் அவர் வாயைத் திறந்தால் என்ன, மூடினால் என்ன, நேரத்துக்கு நீங்க ஊத்திக்கிட்டே இருக்கலாம். கதிரேசன் எல்லாம் பேசி முடித்துவிட்டான், ஆம்புலன்ஸ்கூடச் சொல்லிவிட்டான். கையைக் கட்டிப்போட வேண்டியிருக்கும் என்று நர்ஸ் ஒருத்தி சாதாரணமாகச் சொன்னாள், பிடுங்கிவிடுவார்கள் இல்லையா, அதற்காக. அவருக்கு இருக்கிற ஒரே கை. கம்பத்தின் மேல் இடுப்பு வாரில் சாய்ந்துகொண்டு கீழே நிற்கிற அவளுக்கு ஆட்டிக் காட்டிய கை, அது வலதா இடதா, இப்போது ஞாபகம் வரவில்லை. இன்றைக்கு ஒரு நாள்தான் மிச்சம். இன்றைக்குச் சாமிக்கு ஊட்டிவிட்டால் அவர் நாளைக்கு வாயைத் திறந்துவிடுவார், குழாய் வேண்டாம். இப்படித்தான் அவள் கணக்கு. அந்த வீட்டில் யார் சாப்பிடாமல் கிடந்தாலும் அதுதானே வழக்கம். குழந்தை பால் குடிக்கவில்லை என்றால், காய்ச்சல்காரனுக்கு வாய் கசந்தால், புருஷனோடு கோபித்துக்கொண்டு ஒருத்தி பட்டினி கிடந்தால்கூட, உக்காந்தசாமிக்கு ஒரு வாய் ஊட்டிட்டு வா, எல்லாம் சரியாப் போகும் என்பார்கள். ஆனால் வேறொரு நினைப்பு இருக்கிறது. அது விடிகாலையில், அவருக்குத் துணி மாற்றிவிட்டு மறுபடி கண் அசரப்போகும்போது வரும். இவர் போய்ச்சேர்ந்தால் நான் ஒரு ராத்திரி முழுசாகத் தூங்குவேன். வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள், பிள்ளையாருக்குப் போடுகிற மாதிரி, அது போகாது, அடுத்த விடிகாலைக்குக் காத்துக்கொண்டிருக்கும். அந்த நினைப்பை விரட்டத்தான் இவ்வளவு வெறியோடு ஊட்டினாளோ என்னவோ. போன வாரம் ஒரு மத்தியானம், கஞ்சி முழுக்க மாரில் வழிந்தபிறகு, அவள் இடது கையால் மூக்கைப் பிடித்தாள். கொஞ்ச நேரம்தான். மூச்சுக்கு வாய் திறந்தது, கரண்டியை வைத்தாள், இறங்கியது. இறங்கினால் சரி. அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த முதல் தடவை அவர் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள், கோபம் அவளுக்குப் பழக்கம். அவர் அவளை, அறைக்குள் நுழைந்துவிட்ட யாரோ ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். யாரு நீ என்று. வேன் நின்றுவிட்டது, எல்லாரும் இறங்குகிறார்கள், கதிரேசன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான், இந்த மலைக்காவது வர்றியாம்மா, படி கம்மிதான்.

வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டாள். மலை என்பது பேர்தான், மொட்டைப் பாறை ஒன்று, தூரத்திலிருந்து பார்த்தால் யானை படுத்திருக்கிற மாதிரி இருக்கும். பாதி வரைக்கும் வெட்டிய படி, அப்புறம் பாறைச் சரிவில் கம்பி பிடித்து ஏறவேண்டும். பாறை செருப்பையும் மீறிச் சுட்டது. அடிவாரத்தில் காவல்காரர் ஒருவர் வேப்பமர நிழலில் போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார், பையைக்கூடப் பார்க்கவில்லை. எண்ணெய், சூடம், உணவுப் பொருட்கள் கொண்டு செல்லக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்ததை மனோகரன் இரண்டு தடவை படித்தார். சௌந்தரம் பையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். குலசாமியைக் கும்பிட டிக்கெட் எடுத்துக்கொண்டு, திருடி மாதிரி மறைத்துப் பொங்கல் கொண்டுபோகிற காலம் வந்துவிட்டது. மேலே தொல்பொருள் இலாகாக்காரர்கள் கம்பிவேலி போட்டபிறகு பங்காளிகள் எல்லாரும் அடிவாரத்தில் ஒரு கல்லை நட்டு அதற்கே ஆடி மாதம் ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவள் மனசுக்கு அந்தக் கல் சரிப்படவில்லை. அதற்கு வாய் இல்லை.

அவள் கல்யாணம் ஆன முதல் ஆடியில் வேலி ஏது, எல்லாரும் மேலே ஏறினார்கள். மாமனார்தான் பூசாரி. உக்காந்தசாமி குகைக்கு வெளியே பாறை முகத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார், மடியில் கை மேல் கை, உடம்பில் பொட்டுத் துணி கிடையாது, அதனால் முதலில் ஒரு வெள்ளை வேட்டியைச் சுற்றிவிடுவார்கள், பொம்பளைகள் அதுவரை திரும்பி நிற்கவேண்டும். கதை எல்லாருக்கும் தெரியும். ஒரு காலத்தில் பசியோடு வந்த சாமி இந்த வம்சத்து வீட்டு வாசலில் நின்று சோறு கேட்டார், வேகட்டும் இருங்க என்று அந்த வீட்டுக்காரி சொல்லிவிட்டாள், ரோஷக்காரச் சாமி, வாயை மூடிக்கொண்டு மலையேறி உட்கார்ந்துவிட்டார். அன்றையிலிருந்து இந்த வம்சத்துக்காரர்கள் அவருக்கு ஊட்டிச் சமாதானப்படுத்துகிறார்கள். பொங்கலை உருண்டை பிடித்து அந்தக் கல் உதட்டில் வைப்பார்கள். ஒட்டிக்கொண்டால் சாமி ஏற்றுக்கொண்டார். விழுந்தால் கோபம் தீரவில்லை. அந்த வருஷம் விழுந்தது. மறுபடி வைத்தார் மாமனார், மறுபடி விழுந்தது, கூட்டம் குசுகுசுத்தது, புது மருமக வந்த நேரம் என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. மாமனார் கட்டை விரலால் அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு, கல் உதட்டுக்குள் திணிக்கிற மாதிரி, விரல் நுனி வெளுக்க அழுத்தினார். ஒட்டிக்கொண்டது. குலவை போட்டார்கள். அவளுக்குப் போன உயிர் வந்தது, சாமி சாப்பிட்டுவிட்டார், இனிமேல் தன்னை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் நின்ற புருஷன் மட்டும் அவள் காதுக்குள் சொன்னார். "அவருக்குப் பசியே இல்லபோல சௌந்தரம். இந்த ஆளு விட மாட்டேங்குறாரு." புதுப்பெண் என்றும் பாராமல் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். எத்தனை வருஷமாக இதை மறந்திருந்தாள். கம்பியைப் பிடித்தபடி நடுச்சரிவில் நின்றுவிட்டாள், கதிரேசன் என்னம்மா, மூச்சு வாங்குதா என்றான். ஆமாம் என்றாள்.

மேலே காற்று நன்றாக இருந்தது. குகை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, தலை இடிக்கிற ஒரு பாறை முழைஞ்சு, உள்ளே தரையில் வரிசையாகப் படுக்கை வெட்டியிருந்தது, தலைமாட்டில் கல்லிலேயே தலையணை, படுத்துப் படுத்து வழுவழுவென்று தேய்ந்திருந்தது. பஞ்சபாண்டவர் படுத்த இடம் என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். குழந்தை ஒன்றில் ஏறிப் படுத்துக்கொண்டு நான் தூங்கிட்டேன் என்று கண்ணை மூடிக் கத்தியது. சம்பந்தியம்மா படம் எடுத்தாள். மனோகரன் பலகையைப் பிடித்துக்கொண்டார், அவர் குரல் குகைக்குள் போய்த் திரும்பி வந்தது. இக்கற்படுக்கைகள் சமணத் துறவிகள் தங்குவதற்காக வெட்டப்பட்டவை. முதுமையிலும் தீராத நோயிலும் துறவிகள் உணவைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் முற்றிலும் விலக்கி, அமைதியாக உயிர் நீப்பதை உயர்ந்த நோன்பாகக் கருதினர். வெளியே அமர்ந்த நிலையில் உள்ள உருவம், இங்கு அவ்வாறு உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த துறவி ஒருவரின் நினைவாகச் செதுக்கப்பட்டது. படித்துவிட்டு அவர் திரும்பினார். "பாத்தீங்களா சம்பந்தி, சோறே வேண்டாம்னு உக்காந்தவராம் இவரு." ஒரு செய்தியாகச் சொன்னார், வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி. உங்க குலசாமி இவர்தானாமே, மாப்பிள்ளை சொன்னார், நான்வெஜ்கூடப் படைப்பீங்களோ என்று சம்பந்தியம்மா கேட்டாள். பொங்கல்தான் என்றாள் சௌந்தரம். அவர்கள் பாறைக்கு அந்தப் பக்கம் சுனை இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனார்கள், முட்டி வலி என்று அவள் தங்கிவிட்டாள், இந்தத் தடவை உண்மையாகவே வலித்தது.

சாமிக்கு முன்னால் அவள் மட்டும். வேலிக் கதவு திறந்துதான் கிடந்தது, உள்ளே போய்ப் பக்கத்திலேயே நிற்கலாம். துணி சுற்றாத சாமியை இவ்வளவு கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை. வெட்கமாக இல்லை, ஏன் இல்லை என்றால் தினமும் பார்க்கிற உடம்பு, எலும்பு தெரிகிற தோள், ஒடுங்கின வயிறு. தலைமுறை தலைமுறையாக எண்ணெயும் வெல்லமும் ஏறி உதட்டைச் சுற்றிக் கறுத்திருந்தது, ஊட்டி ஊட்டிக் கீழுதடு ஒரு பக்கம் தேய்ந்தே போயிருந்தது. டப்பாவைத் திறந்து உருண்டை பிடித்தாள். நெய் வாசனையில் அவளுக்குப் பசித்தது. ஊட்டவேண்டியதுதான். பலகையில் எழுதியிருந்தால் ஆச்சா, யாரோ எழுதினது, வம்சமே சொல்கிற கதை பொய்யா, பசியோடுதான் உட்கார்ந்தார், நம் வீட்டுக்காரி ஒருத்தி இருங்க என்று சொன்னதால்தான் உட்கார்ந்தார். கையைத் தூக்கினாள். அந்த முகத்தில் ரோஷம் எங்கே இருக்கிறது என்று தேடினாள், மாமனார் கதையில் சொன்ன ரோஷம், ஒரு சுளிப்பு, ஒரு கடுகடுப்பு, ஒன்றும் இல்லை. கோபித்துக்கொண்டவனின் வாய் அப்படி இருக்காது. அவளுக்குத் தெரியும், ஆயுசு முழுக்க ஒரு கோபக்காரருக்குச் சோறு போட்டவள். இது சாப்பிட்டு முடித்து எழுந்தவனின் வாய். இந்த வாயைத்தானே மாமனார் விரல் வெளுக்க அழுத்தினார், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா, எத்தனை கட்டை விரல்கள், எல்லாரும் பாசமாகத்தான், எல்லாரும் பயந்துதான். போதும் என்று உட்கார்ந்த மனுஷனை விடவில்லையே ஒருத்தரும். அப்புறம் அந்த விடிகாலை நினைப்பு பட்டப்பகலிலேயே வந்து பக்கத்தில் நின்றது. உனக்கு வசதியாகப் போயிற்று இல்லையா, சாமியே சொல்லிவிட்டது இல்லையா, விட்டுவிட்டால் நீ தூங்கலாம் இல்லையா. இது அவர் விருப்பமா, உன் களைப்பா? அவளால் பிரிக்க முடியவில்லை. எங்கே பிடித்து இழுத்தாலும் ஒன்றோடு ஒன்று வந்தது. நாலு வருஷமாக அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவள் சொல்வாள், கதிரேசன் சொல்வான், டாக்டர் சொல்வார். அவரிடம் யாராவது கேட்டார்களா? பேச்சு வராதவரிடம் எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டார்கள். தலையைத் திருப்பத் தெரியும் அவருக்கு. திருப்பிக்கொண்டுதானே இருந்தார்.

பைக்குள் போன் அடித்தது. வலது கையில் பொங்கல், இடது கையால் துழாவி எடுத்தாள். பஞ்சவர்ணம். பின்னால் மின்விசிறி கடகடக்கிற சத்தம், அவருடைய அறை.

"மதினி, அண்ணன் வாயத் தெறக்க மாட்டேங்குறாக. கெஞ்சிப் பாத்துட்டேன். நீங்க சொன்ன மாதிரி மூக்கப் பிடிக்கணுமா? எனக்குக் கை வரல மதினி."

"பிடிக்காத" என்றாள் சௌந்தரம். சத்தம் வரவில்லை என்று நினைத்து மறுபடி சொன்னாள். "பிடிக்காத ஆத்தா. நான் சொன்னது தப்பு. போன எடுத்து அவக காதுல வையி."

ஏதோ உரசியது, தலையணையாக இருக்கும், அப்புறம் அவருடைய மூச்சு. அந்த மூச்சு அவளுக்கு மனப்பாடம், இழுத்து ஒரு நொடி நின்று விடுகிற மூச்சு. நாலு வருஷமாக அவரிடம் திறங்க, திரும்புங்க, முழுங்குங்க என்பதைத் தவிர என்ன பேசியிருக்கிறாள்.

"ஏங்க, நாந்தான். உக்காந்தசாமி முன்னால நிக்கிறேன். மூக்கப் பிடிச்சேன்ல, அது தப்புங்க. இனிமே பிடிக்க மாட்டேன், யாரையும் பிடிக்க விட மாட்டேன். உங்களுக்கு வேணும்னா தெறங்க. வேணாம்னா தலையத் திருப்பிக்கங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

மூச்சு அப்படியே வந்துகொண்டிருந்தது. அதில் பதில் இருந்ததா என்று காதை அழுத்திக் கேட்டாள், இல்லை, மூச்சுதான். பஞ்சவர்ணம் போனை வாங்கிக்கொண்டாள், இப்போது அவள் குரல் பரபரத்தது.

"மதினி, இறுக்கி வச்சிருந்த ஒதடு தளந்துருச்சு. லேசாத் தெறந்திருக்கு. இதான் சமயம், ஒரு கரண்டி விட்ரவா?"

இதான் சமயம். அவளுடைய கை தானாக முன்னால் போனது, கரண்டி அந்தக் கையிலேயே இருக்கிற மாதிரி. எத்தனை தடவை இப்படி அவர் கொஞ்சம் அசந்த நேரம் பார்த்து உள்ளே விட்டிருக்கிறாள். இப்போது விட்டால் இறங்கிவிடும், இன்றைக்குச் சாப்பிட்டார் என்று சொல்லலாம், ஒரு நாள் தள்ளும், அப்புறம் இன்னொரு நாள்.

"விடாத. கரண்டியக் கண்ணுக்கு நேரா காமிச்சு, வேணுமாண்ணேன்னு கேளு."

பஞ்சவர்ணம் கேட்டாள். அங்கே, மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவில், அண்ணே, கஞ்சி வேணுமாண்ணே என்று குழந்தையிடம் கேட்கிற குரலில் கேட்டாள். சௌந்தரம் கண்ணை மூடிக்கொண்டாள். வேணும் என்று சொல்லிவிடுங்க என்று நினைத்தாள். அப்படி நினைத்ததில் அவளுக்கே ஒரு ஆறுதல், அந்த விடிகாலைக்காரி மட்டும் இல்லை தான், இன்னொருத்தியும் உள்ளே இருக்கிறாள்.

"கண்ண முழிச்சு என்னையப் பாத்தாக மதினி. அப்பறம் தலையத் திருப்பிக்கிட்டாக."

"சரி. வாயத் தொடச்சு விட்டுட்டுப் பக்கத்துல உக்காந்துக்க. நான் அருவிக்குப் போகல, வந்துர்றேன்."

பேச்சு முடிந்தும் போன் இடது கையிலேயே இருந்தது. அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள், துடைக்க எந்தக் கையும் காலியாக இல்லை. உருண்டையை டப்பாவில் போட்டு மூடினாள். சாமியை ஒரு தடவை பார்த்தாள், கும்பிடத் தோன்றவில்லை, இவ்வளவு நாள் தொந்தரவு செய்ததற்கு ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கதிரேசன் வந்தான், வேர்த்துப்போய், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு. அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"என்னம்மா, அத்தை போன் பண்ணுச்சா? அப்பா சாப்ட்டாரா?"

"கேட்டோம். வேணாம்னுட்டாக."

"கேட்டீங்களா? யார?" அவனுக்கு விளங்கவில்லை. "சரி விடு, நாளைக்குத்தான் டியூப் போட்டுர்றோம்ல."

சௌந்தரம் அவன் தோளிலிருந்த குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள், பாறையில் ஓடிச் சூடாக இருந்தது அந்தக் கால். "ஆம்புலன்ஸ வரவேணாம்னு சொல்லிரு கதிரேசா" என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பக்கவாதம் வந்த அன்றைக்கு அப்பாவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடிய பிள்ளை, அவனுக்கு இது லேசில் புரியாது, வீட்டுக்குப் போய் அந்த அறையில் உட்கார வைத்துத்தான் பேசவேண்டும்.

"அப்ப நாளைக்கு என்னம்மா பண்றது?"

"நாளைக்கும் கேப்போம்."